உடையவர் வரும்வரை

பதிவேட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: ‘கொலுசு – ஒன்று. பெண்கள் ஓய்வறை வாசல். வெள்ளி போலத் தெரிகிறது. ஒரு சலங்கை இல்லை.’

வெள்ளகோவில் ஊருக்குள் பல்கலைக்கழகம் கிடையாது. பிள்ளைகள் காலையில் பஸ் ஏறிக் காங்கயம், கரூர், ஈரோடு, திருப்பூர் என்று நாலா திசையிலும் கல்லூரிக்குப் போகிறார்கள். அப்படி நிறையப் பேர் வந்து சேரும் ஒரு கல்லூரியில் நான் பாடம் நடத்துகிறேன். அலுவலக அறை மூலையில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு பீரோ ஒன்று நிற்கிறது. அதன் தலைமேல் நீள நோட்டு ஒன்று. வளாகத்தில் கண்டெடுக்கும் பொருட்கள் உள்ளே போகும், விவரம் நோட்டில் ஏறும். கொலுசு வரியை எழுதியவர் அலுவலக உதவியாளர். சட்டம் படித்தவர் இல்லை. இருந்தும் ‘வெள்ளிக் கொலுசு’ என்று எழுதாமல் ‘வெள்ளி போலத் தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறார். நாளைக்கு யாராவது உரசிப் பார்த்து அது வெள்ளி இல்லை என்று ஆகிவிட்டால், ஆபீசில் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று பேச்சு வராது.

கண்டெடுத்தவர் துப்புரவு வேலை செய்யும் அக்கா. ஒப்பந்த ஆள், அவருக்குச் சம்பளம் போடுவது கல்லூரியல்ல, ஆள் அனுப்பும் நிறுவனம். கொலுசை மேசையில் வைத்துவிட்டு அவர் போய்விடவில்லை. எழுதி முடிக்கும்வரை நின்றார். தன் பெயரும் ஏறுகிறதா என்று எட்டிப் பார்த்தார். “நாளைக்கு நாந்தான் எடுத்துப்போட்டேன்னு யாராச்சும் சொல்லிப்போட்டா? அதுக்குத்தானுங் சார்.”

பீரோ சாவி இரண்டு வருடம் என்னிடம் இருந்தது. இந்த விஷயத்தில் இறங்கிப் படிக்கவைத்தது அந்த அக்காவின் கேள்விதான். தொலைந்த பொருள் என்றால் தொலைத்தவரைப் பற்றியே நினைக்கிறோம். எடுத்துக் கொடுத்தவருக்கும் அதில் ஒரு பயம் இருக்கிறது. பொறுப்பில் வைத்திருப்பவருக்கு ஒரு சபலமும் இருக்கிறது. வளாகத்தில் எழுதும் எந்த விதியும் இந்த மூன்று பேரையும் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும்.

பொருள் கையை விட்டுப் போவதற்கு நாம் ஒரே வார்த்தை சொல்வதில்லை. ‘தொலைச்சுட்டேன்’ என்பவருக்கு எங்கே போனதென்று தெரியாது. ‘மறந்து வெச்சுட்டேன்’ என்பவர் இரவு படுக்கும்போது, லேப் ஜன்னல் திட்டில் வைத்தது ஞாபகம் வந்து எழுந்து உட்காருவார். ‘விட்டுட்டுப் போயிட்டாங்க’ என்றால் தெரிந்தே விட்டது. அர்த்தசாஸ்திரம் நகரத்துக்குப் பொறுப்பான நாகரகனின் கடமைகளை அடுக்கும்போது தொலைந்தவை, மறந்தவை, விலகிப்போனவை என்று பிரித்துச் சொல்லி, மூன்றையும் காப்பது அவன் வேலை என்கிறது. அமெரிக்க நீதிமன்றங்களும் தொலைந்தது, மறந்து வைத்தது, கைவிட்டது என்று பிரித்துத்தான் தீர்ப்புச் சொல்லிவந்தன.

பிரிப்பது சுலபம். பொருளைப் பார்த்து எது எந்த வகை என்று சொல்வதுதான் கஷ்டம். ஏப்ரல் கடைசியில் வகுப்பறையில் கிடக்கும் ஹெல்மெட் மறந்ததா, விட்டதா? கைவிடுதல் என்பது உடையவர் மனசுக்குள் நடக்கும் முடிவு. ஹெல்மெட்டின் மேல் அது எழுதியிருக்காது. பீரோவுக்குள் போய்விட்டால் எல்லாம் ஒன்றுபோலத் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும்.

கேட்பாரற்ற பொருளை என்ன செய்வது என்பது இந்தப் பக்கத்துக்குப் புதிய கேள்வி இல்லை. காங்கயம் மாடு மேயும் கொறங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி இருக்கும். வேலியில் ஒரு இடம் விட்டுப்போனால் போதும், மாடு பக்கத்துக் காட்டு வெள்ளாமையில் நிற்கும். பிடித்துக்கொண்டு போய் மாட்டுப் பவுண்டில் அடைப்பார்கள். அதற்கு 1871ஆம் ஆண்டே கால்நடை அத்துமீறல் சட்டம் வந்துவிட்டது. அடைத்த ஏழு நாளைக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் பவுண்டுக்காரர் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகும் ஏழு நாள் ஆளில்லை என்றால் பொது ஏலம். தீனிச் செலவும் அபராதமும் போக மிச்சப் பணத்துக்குக் கணக்கு உண்டு. மாடு தின்றுகொண்டே இருக்கும் பொருள், அதனால் கெடு குறுகியது. காரணம் தெரிந்து எழுதிய விதி.

அடுத்தது பேல். வெள்ளகோவில் விசைத்தறிகளில் ஓடிய பெட்ஷீட்டும் துண்டும் பேல் கட்டி லாரி ஷெட்டுக்குப் போகின்றன. பேலின் மேல் மார்க்கும் நம்பரும் மையில் எழுதியிருக்கும், எல்.ஆர். என்னும் லாரி ரசீதின் காப்பி தபாலிலோ வாட்ஸப்பிலோ முன்னால் போய்விடும். போய்ச் சேர்ந்த ஊரில் சரக்கை எடுக்க ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து 30 நாள் கழிந்தால் அது கேட்பாரற்ற சரக்கு. அதற்கு மேலும் 15 நாள் அறிவிப்புக் கொடுத்த பிறகே விற்கலாம். விற்ற பணத்தில் வாடகையும் செலவும் போக மிச்சம் சரக்குக்காரருக்கே சேரும். அழுகும் சரக்கென்றால் 30 நாள் கணக்கு இல்லை, நோட்டீஸுக்குப் பிறகு 24 மணி நேரம்தான். முருங்கைக்காய் மூட்டைக்கும் பெட்ஷீட் பேலுக்கும் வேறு வேறு கடிகாரம்.

மாட்டுக்குச் சட்டம் இருக்கிறது, பேலுக்கும் இருக்கிறது. கல்லூரி வராந்தாவில் கிடந்த கொலுசுக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. பொதுச் சட்டத்தில்தான் தேட வேண்டும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71ஆம் பிரிவு: பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்பவருக்கு, நம்பி ஒப்படைத்த பொருளை வாங்கி வைத்திருப்பவருக்கு உள்ள அதே பொறுப்பு உண்டு. தரையில் கிடப்பதைக் கண்டும் காணாமல் போய்விடலாம், யாரும் கேட்க முடியாது. குனிந்து எடுத்துவிட்டால் பொறுப்பு வந்துவிடும். சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது கேட்பதற்குச் சின்னது. நடைமுறையில் பல கல்லூரிகளின் பீரோ இதற்கே தேறாது. பூட்டு இல்லாத அலமாரியில், ஈர லஞ்ச் பையோடு சேர்த்துப் போட்ட கால்குலேட்டர் சாதாரண விவேகத்தில் அடங்காது.

விற்கும் உரிமை 169ஆம் பிரிவில் வருகிறது. சந்தையில் சாதாரணமாக விற்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். உடையவரை முறையாகத் தேடியும் கிடைக்காமல் இருக்க வேண்டும், அல்லது அவர் நியாயமான செலவைக் கொடுக்க மறுத்திருக்க வேண்டும். அதற்கும் மேல், பொருள் கெட்டுப்போகும் அல்லது மதிப்பில் பெரும் பகுதியை இழக்கும் நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைக் காப்பாற்றி வைத்த செலவு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டிருக்க வேண்டும். கொலுசு கெடாது. பீரோவில் வைக்கச் செலவும் இல்லை. இந்தப் பிரிவை நேராகப் படித்தால் அதை விற்கக் கல்லூரிக்கு என்றைக்கும் உரிமை வராது.

அப்படியானால் ‘ஆறு மாதம் கழித்து அப்புறப்படுத்தப்படும்’ என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்களே, அந்த ஆறு மாதம் எங்கிருந்து வந்தது? போலீஸ் கைப்பற்றிய பொருளுக்கு உடையவர் தெரியாவிட்டால், நீதித்துறை நடுவர் அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் காத்திருப்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கிறது. அதற்கப்புறம் பொருள் அரசின் வசம். கல்லூரிகள் அந்த எண்ணைப் பார்த்துப் போட்டுக்கொண்டதாகத்தான் தோன்றுகிறது. எண் வந்துவிட்டது, நடுவர் வரவில்லை. மாணவர் கையேட்டில் சேர்க்கையின்போதே இந்த விதியைத் தெளிவாக எழுதி, படித்து ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஓரளவுக்குப் பிடிமானம் உண்டு. வெறுமனே போர்டில் ஒட்டிய காகிதத்துக்கு அவ்வளவு பலம் இல்லை.

குற்றவியல் பக்கம் இன்னும் கறாரானது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314ஆம் பிரிவு. அடுத்தவர் அசையும் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வது பற்றியது. முன்பு சிறை அல்லது அபராதம் என்று இருந்தது. இப்போது குறைந்தது ஆறு மாதச் சிறை, அதிகபட்சம் இரண்டு வருடம், அபராதமும் உண்டு. அதிலுள்ள உதாரணங்கள் சுவாரசியமானவை. நெடுஞ்சாலையில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று தெரியாது, எடுத்துக்கொண்டால் குற்றமில்லை. விலையுயர்ந்த மோதிரம் கிடக்கிறது, தேடிப் பார்க்காமல் உடனே விற்றால் குற்றம். இரண்டு பேருக்கும் உடையவர் தெரியாதுதான். மோதிரத்தைத் தொலைத்தவர் தேடுவார் என்பது எடுத்தவருக்குத் தெரியும், அங்கேதான் வித்தியாசம். எவ்வளவு நாள் காத்திருந்தால் போதும், எப்படித் தேடினால் போதும் என்பதைச் சட்டம் எண்ணாகச் சொல்லவில்லை. அந்தந்தச் சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று விட்டுவிட்டது. வளாகத்துக்கு இது ஒரு வகையில் பாதகம். நெடுஞ்சாலையில் போகிறவர் ஆயிரம் பேர், யாரென்று தேட? கல்லூரிக்குள் வந்துபோகும் ஒவ்வொருவர் பெயரும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, வகுப்புக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. தேடினோம் கிடைக்கவில்லை என்று கல்லூரி சொன்னால் கேட்பவர் சிரிப்பார்.

இனி அந்த அக்கா விஷயம். கண்டெடுத்தவர் என்று சட்டம் சொல்வது யாரை? அவரையா, அவரை அனுப்பிய நிறுவனத்தையா, இடத்துக்குச் சொந்தமான கல்லூரியையா? இங்கிலாந்தில் 1722இல் வந்த ஒரு வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். புகைபோக்கி துடைக்கும் பையன் ஒருவனுக்கு நகை ஒன்று கிடைத்தது. மதிப்புப் பார்க்கத் தட்டாரிடம் கொண்டுபோனான். அங்கே வேலை பழகிய ஆள் எடை போடுவதாகப் பாவனை காட்டிக் கற்களைக் கழற்றிக்கொண்டான். உண்மையான உடையவரைத் தவிர உலகத்தில் மற்ற எல்லோருக்கும் எதிராகக் கண்டெடுத்தவனுக்கே உரிமை என்று தீர்ப்பு. துப்புரவு செய்யும் கைகளில்தான் தொலைந்தவை முதலில் சிக்கும் என்பது முந்நூறு வருடமாக மாறவில்லை. 1851இல் வந்த தீர்ப்பில், கடைத் தரையில் பணநோட்டுக் கட்டு கண்டெடுத்தவருக்கே கடைக்காரரைவிட உரிமை என்று ஆனது. ஆனால் 1896இல் குளத்தைச் சுத்தம் செய்த தொழிலாளிக்குச் சேற்றில் கிடைத்த தங்க மோதிரங்கள் நிலத்துக்காரருக்கே என்று ஆனது. ஹீத்ரோ விமான நிலைய ஓய்வறையில் 1978இல் பயணி ஒருவர் கண்டெடுத்த தங்கக் காப்பை விமான நிறுவனம் விற்றுவிட்டது. நீதிமன்றம் பயணி பக்கம் நின்றது. இவை எதுவும் இந்தியக் கல்லூரியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இவற்றிலிருந்து ஒன்று தெரிகிறது: வேலை நேரத்தில், வேலையின் ஒரு பகுதியாகக் கண்டெடுத்தால் அது முதலாளியின் பொறுப்பில் போகும், வெளியாள் கண்டெடுத்தால் கதை வேறு.

ஒப்பந்தத் தொழிலாளி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். உரிமை என்று வரும்போது வெளியாள், சந்தேகம் என்று வரும்போது முதல் ஆள். ஒரு மோதிரம் காணோம் என்றால் அன்று அந்த மாடியைப் பெருக்கியது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். நேரம், இடம், கொண்டுவந்தவர் பெயர், வாங்கியவர் கையெழுத்து என்று நாலு கட்டம் போட்ட நோட்டு அவருக்குத்தான் முதல் பாதுகாப்பு. அதனால் அதில் ஒரு நகலும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அதிகப்பிரசங்கம் என்று நினைத்திருப்பார்கள்; இருந்தாலும் கார்பன் வைத்து எழுத ஆரம்பித்தோம்.

கொலுசுக்கு வருவோம். நோட்டீஸில் ‘கொலுசு’ என்று போடவில்லை. ‘அணிகலன் ஒன்று கிடைத்துள்ளது. அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்’ என்று மட்டும் எழுதினோம். கம்மல் தொலைத்தவர் ஒருவர் வந்தார், மோதிரம் தொலைத்தவர் ஒருவர் வந்தார். பதினொரு நாள் கழித்து இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்தாள். “கொலுசுங்க சார். ஒரு மணி விழுந்திருக்கும்” என்றாள். சுடிதார் பேன்ட்டை ஒரு விரற்கடை தூக்கிக் காட்டினாள். இன்னொரு காலில் ஜோடி இருந்தது. இத்தனை நாளும் ஒற்றைக் கொலுசோடேயா நடந்தாய் என்று உதவியாளர் கேட்டார். “ரெண்டையும் கழட்டிட்டா சத்தம் வராதுங்களே, அம்மா கண்டுபிடிச்சுருவாங்க.”

அவளிடம் ஜோடி இருந்தது. எல்லாப் பொருளுக்கும் ஜோடி இருக்காது. பொருளிலேயே அடையாளம் இருந்தால்தான் அது வீடு போய்ச் சேரும். இதை இந்தப் பகுதி மனிதர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். வெள்ளகோவிலுக்கு வடமேற்கே, நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் அங்கே அகழாய்வு தொடங்கியது. நூற்றுக்கணக்கான பானையோடுகளில் தமிழி எழுத்துகள். பெரும்பாலானவை ஆள் பெயர்கள்: கண்ணன் ஆதன், சம்பன் சுமணன். கல்மணி அறுத்து, இரும்பு உருக்கிய தொழிலூர் அது. பல இடத்து ஆட்கள் வந்துபோன ஊர். பானைகள் பெரும்பாலும் ஒரே கருப்பு-சிவப்பு. பெயரைக் கீறி வைக்காவிட்டால் யார் பானை யாருடையது? அறிஞர்கள் இந்த ஓடுகளை வைத்து எழுத்தறிவின் பரவலைப் பேசுகிறார்கள். எனக்கு அவை ஹாஸ்டல் வாளியின் அடியில் பெயின்ட்டால் எழுதிய பெயர் மாதிரியே தெரிகின்றன.

சிலப்பதிகாரம் சொல்லும் புகாரின் வெள்ளிடை மன்றமும் இந்த வரிசையில்தான் வரும். பெயரும் எண்ணும் எடையும் குறித்த பொதிகள் காவலில்லாமல் வெட்டவெளியில் அடுக்கிக் கிடக்கின்றன. திருடத் தூக்கியவனை அந்த மன்றம் சும்மா விடாது, சுமையோடு அலைய வைக்கும். இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பொதிமேல் மார்க் போடுவது மட்டும் இன்றைய லாரி ஷெட் வரை அப்படியே வந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது அரசு கொடுத்த சைக்கிளும் லேப்டாப்பும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு தரும் சைக்கிள் ஒரு பள்ளியில் எல்லாம் ஒரே நிறம். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. ஒரு வகுப்பில் எல்லோர் கையிலும் ஒரே கம்பெனி, ஒரே பை. ஏழை பணக்காரன் பேதம் தெரியக்கூடாது என்ற நல்ல நோக்கம். அந்த நோக்கமே தொலைந்த பொருளை அனாதையாக்கிவிடும். வசதியான வீட்டுப் பிள்ளையின் விசேஷமான பையை எல்லோரும் அடையாளம் சொல்வார்கள். அரசு சைக்கிளை யார் சொல்வார்கள்? பிரேமில் அச்சான எண்ணைக் குறித்து வைத்திருக்கும் மாணவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பேருந்து நிலைய ஸ்டாண்டுகளில் டோக்கன் தேய்ந்து, டயர் இறங்கி நிற்கும் சைக்கிள்களில் இவை எத்தனை என்று ஒருநாள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, எத்தனை நாள் வைத்திருப்பது? மனுஸ்மிருதி அரசனை மூன்று வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. உடையவர் வந்து அடையாளம் சொன்னால் ஆறில், பத்தில், பன்னிரண்டில் ஒரு பங்கு பராமரிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. இன்று இதை உலகத்திலேயே விவரமாக எழுதி வைத்திருப்பது ஜப்பான் என்று நினைக்கிறேன். 2006இல் திருத்தி 2007 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய தொலைந்த பொருள் சட்டம் ஆறு மாதக் காத்திருப்பை மூன்று மாதமாக்கியது. நிறுவனத்துக்குள் கண்டெடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அந்த நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெகுமதி கேட்கும் உரிமை போய்விடும். வெகுமதி பொருள் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம். நிறுவனத்துக்குள் கிடைத்திருந்தால் அதில் பாதி. டோக்கியோ போலீசுக்கு மட்டும் 2019இல் வந்த பொருட்கள் 40 லட்சத்துக்கு மேல்.

அந்தச் சட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு என்பேன். குடை, துணி, சைக்கிள் போன்ற மலிவான, இடத்தை அடைக்கிற பொருட்களை இரண்டு வாரத்திலேயே விற்றுவிடலாம். செல்போன், அடையாள அட்டை போலத் தனி மனிதர் விவரம் உள்ள பொருட்கள் எத்தனை காலம் ஆனாலும் கண்டெடுத்தவருக்குச் சொந்தமாகாது. முருங்கைக்கு ஒரு கடிகாரம், பேலுக்கு ஒரு கடிகாரம் என்ற நம் ஊர் நியாயம்தான். கூடவே, கடிகாரமே இல்லாத பொருளும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது.

நம் பக்கத்தில் ஆபத்து எங்கே என்றால், இங்கே எல்லாவற்றுக்கும் விலை உண்டு. திருப்பூரில் பனியன் வேஸ்ட் எடை போட்டு விற்கிறது. ஆர்டர் ரத்தான சரக்கு ஸ்டாக் லாட்டாகக் காதர்பேட்டைக்குப் போகிறது. கழிவு என்று ஒன்றைக் கீழே கொட்டாத இந்தச் சாமர்த்தியத்தால்தான் பல குடும்பம் பிழைக்கிறது, குறை சொல்லவில்லை. அதே கண்ணோடு பீரோவைப் பார்த்தால் ஆறு மாதத்தில் எல்லாமே ஸ்டாக் லாட். பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு ஒரே விலை பேசி ஏற்றிவிடுவார்கள். உள்ளே இருக்கும் பென் டிரைவில் யாருடைய புராஜெக்ட், யாருடைய படங்கள் என்று யாருக்குத் தெரியும்? செல்போன் கிடைத்தால் விற்கவும் கூடாது, திறந்து பார்க்கவும் கூடாது. தொலைத்தவர் போலீசில் புகார் கொடுத்து, 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்த சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்து முடக்கியிருக்கலாம். அந்த போனை யாராவது சிம் போட்டு உசுப்பினால் விசாரணை அவர் வீட்டு வாசலுக்கு வரும்.

கேட்பாரற்ற பையைப் பற்றி ஒரு வார்த்தை. 1998 பிப்ரவரி 14 கோவை குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் கொங்கு நாட்டில் தனியாகக் கிடக்கும் பை வெறும் பையாக இல்லை. தொடாதீர்கள், தகவல் கொடுங்கள் என்று பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி சொல்லிச் சொல்லி, கண்டெடுப்பது என்ற செயலே ஒரு தலைமுறைக்குப் பயமாகிப் போனது. இன்றைய மாணவர்களுக்கு அந்த நாள் தெரியாது. தயங்காமல் எடுத்து வருகிறார்கள்.

பீரோவைவிட எனக்கு உறுத்தலாக இருந்தது அதற்குப் பக்கத்தில் இருந்த மர அலமாரி. அதில் குடை இல்லை, சான்றிதழ்கள் இருந்தன. பாதியில் நின்றுவிட்டவர்களின் மாற்றுச் சான்றிதழ், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ். சேரும்போது ‘சரிபார்க்க’ என்று வாங்கியவை. முதல் வருடமே கம்பெனி வேலைக்குப் போய்விடும் பையன்கள் இந்தப் பக்கத்தில் எப்போதும் உண்டு. ஓவர்டைம் ஓடும் சீசனில் செமஸ்டர் பரீட்சைக்கு வராமல் போனால் அப்படியே நின்றுவிடுவார்கள். பீஸ் பாக்கி இருக்கும் என்ற கூச்சத்தில் சான்றிதழைக் கேட்கவும் வருவதில்லை. அசல் சான்றிதழைச் சரிபார்த்தவுடன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், கல்லூரி தன் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. சான்றிதழ் சந்தையில் விற்கும் சரக்கல்ல, பாக்கிக்காக அதைப் பிடித்து வைக்கும் பற்றுரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த அலமாரியில் இருந்ததைத் தொலைந்த பொருள் என்றும் சொல்ல முடியாது, கைவிட்ட பொருள் என்றும் சொல்ல முடியாது. அதற்கு நம் நோட்டில் கட்டமே இல்லை.

காஷன் டெபாசிட்டும் அந்த இனம்தான். படிப்பு முடிந்து குறிப்பிட்ட வருடத்துக்குள் கேட்டு வாங்காவிட்டால் அந்தப் பணம் நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்துவிடும் என்று பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். வங்கியில் பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட் 2014இலிருந்து ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போகிறது. போன பிறகும் உடையவரோ வாரிசோ எப்போது வந்தாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். யார் பணம் எங்கே கிடக்கிறது என்று தேடிப் பார்க்க 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற தளமும் திறந்தார்கள். வங்கியில் பணம் இடம்தான் மாறுகிறது. கல்லூரியில் ஆளே மாறிவிடுகிறது.

அலமாரியைப் பிரித்துப் பட்டியல் போட ஒரு கோடை விடுமுறை போனது. விலாசங்களுக்குக் கடிதம் போட்டோம். பாதி திரும்பி வந்தன, வீடு மாறியிருந்தார்கள். போன் நம்பர்களில் பல இப்போது வேறு யாருடையதோ. ஊர்க்காரர், உறவுக்காரர் என்று வாய்வழிச் சேதி போன பிறகு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒரு மதியம் முப்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். முதல் வருடத்தோடு நின்றவர். இப்போது பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமாம், அதற்குப் பழைய சான்றிதழ் தேவைப்பட்டது. கவரைப் பிரித்து, பத்தாம் வகுப்புப் பட்டியலில் ஒட்டியிருந்த தன் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். பாக்கி ஏதாவது கட்டணுங்களா என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றதும் நம்பவில்லை.

நோட்டைத் திருப்பிக் கையெழுத்துப் போடச் சொன்னோம். சட்டைப் பையைத் தடவினார், பேனா இல்லை. உதவியாளர் பச்சை பீரோவைத் திறந்து, யாரும் கேட்டு வராத பேனாக்கள் கிடக்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து ஒன்றை எடுத்து, காகிதத்தில் கிறுக்கி எழுதுகிறதா என்று பார்த்துக் கொடுத்தார். நிதானமாகக் கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார். கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கிளம்பினார். அவர் பஸ் ஏறியிருப்பார், அதற்கப்புறம்தான் கவனித்தோம், பேனாவைக் காணோம்.